சண்டை வீரர் ஸ்டாண்ட்-அப், பாட்காஸ்ட் பக்கம் போனால் எது ஒட்டும், எது ஒட்டாது?

கேள்வி: தொழில்முறை எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர் ஒருவர் சண்டையை விட்டபின் ஸ்டாண்ட்-அப் காமெடியும் பாட்காஸ்டும் செய்து பிழைக்க முடியுமா? சண்டையிலிருந்து காமெடிக்கு வந்த பிரெண்டன் ஷாப் போன வழியிலேயே போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பாட்காஸ்டில் முடியும். சண்டையை விடுவதற்கு முன்பே தொடங்கினால் இன்னும் சுலபம். ஸ்டாண்ட்-அப்பிலும் முடியும், ஆனால் அங்கே உங்கள் பெயர் உங்களுக்கு உதவுவதைவிடக் கெடுப்பதுதான் அதிகம். இரண்டையும் ஒரே வேலை என்று எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

முதலில் ஷாப்பின் கணக்கை வரிசையாகப் பார்த்துவிடலாம். "சண்டையை விட்டார், காமெடியன் ஆனார்" என்று சொல்வார்கள். நடந்த வரிசை அதுவல்ல. 2009இல் 'தி அல்டிமேட் ஃபைட்டர்' என்ற டிவி போட்டியின் பத்தாவது சீசனின் இறுதிச் சண்டையில் ராய் நெல்சனிடம் நாக்கவுட் ஆனார். எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யூஎஃப்சியில் மொத்தம் 11 சண்டை: 6 வெற்றி, 5 தோல்வி. 2011இல் மிர்கோ குரோ காப்பை மூன்றாவது சுற்றில் வீழ்த்தியது பெரிய வெற்றி. நடிகரும் காமெடியனுமான பிரையன் காலனோடு பாட்காஸ்டைத் தொடங்கியது 2013இல், அதாவது சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே. 2014 டிசம்பரில் டிராவிஸ் பிரவுனிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். அதன் பிறகு காமெடியனும் யூஎஃப்சி வர்ணனையாளருமான ஜோ ரோகன் தன் பாட்காஸ்டில், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, விட்டுவிடச் சொல்லி அவரிடம் முகத்துக்கு நேரே பேசினார். ஓய்வை அறிவித்தது 2015 அக்டோபரில். 2019 மே மாதம் ஷோடைம் அலைவரிசையில் ஒரு மணிநேர ஸ்பெஷல் (படம்பிடித்த தனி ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி) வந்துவிட்டது.

கடைசி இரண்டு தேதிகளுக்கு நடுவே நான்கு ஆண்டுகூட இல்லை. ஸ்டாண்ட்-அப்பில் ஒரு மணிநேரம் தேற எட்டு, பத்து ஆண்டு ஆவது சாதாரணம். அந்த ஸ்பெஷல் கடுமையாகக் கிண்டலடிக்கப்பட்டதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம். பாட்காஸ்ட் ரசிகர் கூட்டம் டிக்கெட்டை விற்றுக்கொடுத்தது, அந்த வேகத்துக்குக் கைவசம் இருந்த சரக்கு ஈடு கொடுக்கவில்லை. அவரிடம் திறமையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வரிசையில் நிற்காமல் முன்னே போக வழி கிடைத்தது, போனார். யாராயிருந்தாலும் போயிருப்பார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. யூஎஃப்சி வீரருக்குக் களமிறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. அதில் மேலாளர், பயிற்சிக்கூடம், வரி எல்லாம் பங்கு பிடிக்கும். 2015 ஜூலையில் ரீபொக் சீருடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் வீரர்கள் தனியாகப் பிடித்து வைத்திருந்த ஸ்பான்சர்களின் சின்னங்கள் கூண்டுக்குள் போகக்கூடாது என்றானது. அதற்கு ஈடாக ஐந்து சண்டை வரை போட்டவருக்குச் சண்டைக்கு 2,500 டாலர், 11 முதல் 15 வரை போட்டவருக்கு 10,000 டாலர் என்று படிநிலை வைத்தார்கள். ஷாப் இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகவே குறை சொன்னார். வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை வரும் வருமானத்தோடு வாரம் இரண்டு முறை வரும் விளம்பரக் காசை ஒப்பிட்டுப் பாருங்கள், ஏன் மாறுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

இனி பாட்காஸ்ட். தொடங்கச் சரியான நேரம், நாக்கவுட்டுக்குப் பிறகு விளையாட்டு ஆணையம் விதிக்கும் மருத்துவத் தடைக்காலம். 30 நாள், 60 நாள், சில சமயம் 180 நாள் வரை ஸ்பாரிங்கே (பயிற்சிச் சண்டையே) கூடாது என்பார்கள். ரசிகர்கள் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் காலமும் அதுதான். ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் அடுத்தவர் பின்னால் போயிருக்கும்.

கருவிகளுக்குப் பணத்தை அள்ளி வீச வேண்டாம். ஆளுக்கு ஒரு டைனமிக் மைக், ஆளுக்கு ஒரு தனி டிராக், காதில் ஹெட்போன். கண்டென்சர் மைக் ஸ்டுடியோவில் அருமையாக இருக்கும், வீட்டு அறையில் ஏசி இரைச்சலையும் எதிரே இருப்பவர் குரலையும் சேர்த்து இழுத்துவிடும். எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று ஷ்யூர் எஸ்எம்7பி மைக் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அதற்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் (ஒலிப் பெருக்கம்) வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான இன்டர்ஃபேஸில் மாட்டினால் குமிழை முழுக்கத் திருக வேண்டிவரும், பின்னணியில் 'உஸ்' என்ற சத்தம் ஏறிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு முஷ்டி அளவு தூரம். சண்டை வீரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டார்கள். ஒரு குத்தை விளக்க எழுந்து தோளைச் சாய்த்ததும் குரல் காணாமல் போகும். மேசையில் பொருத்தும் மடக்குக் கை வாங்கி, மைக் கூடவே நகரும்படி வைத்துக்கொள்வது நல்லது.

வீடியோவும் எடுப்பதால் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தொடுகிற மாதிரி வைத்தால், திடீரென்று எல்லோரும் கத்திச் சிரிக்கும்போது உடையாது. இறுதி ஒலியளவு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அருகே. தொடக்கத்தில் எல்லாக் கேமராவும் பார்க்க ஒரு முறை கை தட்டினால் பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்த அரை நிமிடம் போதும். பழைய புகைப்படக் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நின்றுவிடும். இரண்டு மணிநேரப் பேச்சில் ஒன்றரை மணிநேரத்துக்குப் படமே இல்லை என்பது முடிந்தபின்தான் தெரியவரும்.

சண்டைக் காட்சியை எடுத்துப் போடாதீர்கள். யூட்யூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும். ரோகன் நண்பர்களோடு உட்கார்ந்து சண்டை பார்த்துக்கொண்டே பேசும் நிகழ்ச்சிகளில் பார்வையாளருக்கு முகங்கள் மட்டும்தான் தெரியும், திரை தெரியாது. காரணம் இதுதான். பார்த்த காட்சியைச் சொல்லால் காட்டப் பழகுவது வீரருக்கு நல்ல பயிற்சியும்கூட. "அவன் இடது கால் வெளியே போனதுமே வலது நேர்க்குத்துக்கு வழி திறந்துவிட்டது" என்று வேறு யாராலும் சொல்லமுடியாது. உங்கள் நிகழ்ச்சிக்கு ஆள் வருவதே அதற்காகத்தான்.

ஒப்பந்தத்தில் இருக்கும்போதே பேசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சக வீரரின் முழங்கால் வீங்கியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வது பந்தயச் சந்தைக்குத் துப்புக் கொடுப்பதாகிவிடும். 2022 அக்டோபரில் யூஎஃப்சி தன் வீரர்கள் யூஎஃப்சி சண்டைகள்மீது பந்தயம் கட்டத் தடை போட்டது. அதற்குப் பின் இந்த விஷயத்தில் எல்லோர் கண்ணும் கூர்மையாகிவிட்டது. பயிற்சிக்கூடத்தில் பார்த்ததைச் சண்டை முடியும்வரை பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

விளம்பரம் ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும். ஆயிரத்துக்கு 20 டாலர் என்று வைத்தால், 20,000 பதிவிறக்கம் உள்ள ஓர் அத்தியாயத்தில் ஒரு நிமிட விளம்பரத்துக்கு 400 டாலர். அத்தியாயத்துக்கு இரண்டு விளம்பரம், வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்றால் 1,600. எடிட்டருக்கும் கிளிப் வெட்டுபவருக்கும் கொடுத்தது போக மீதிதான் உங்களுக்கு. கூட்டாளியோடு செய்தால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே மூன்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: நிகழ்ச்சியின் பெயர் யாருடையது, பதிவேற்றும் கணக்கு யார் பெயரில், ஒருவர் விலகினால் பழைய அத்தியாயங்களின் வருமானம் யாருக்கு. நண்பர்கள்தானே என்று விட்ட இடத்தில்தான் வக்கீல் நோட்டீஸ் வரும்.

இப்போது ஸ்டாண்ட்-அப். பாட்காஸ்டில் சிரிப்பது எதிரே இருக்கும் நண்பர். அவருக்கு உங்களைப் பிடிக்கும், சிரிப்பது அவர் வேலையும்கூட. அந்தச் சிரிப்பை நம்பி மேடை ஏறினால், அதே கதையை முந்நூறு பேர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாட்காஸ்டில் ஏழு நிமிடம் ஓடிய கதையில் சிரிப்பு இரண்டு இடத்தில்தான் வந்திருக்கும். மேடையில் நிமிடத்துக்கு நாலு சிரிப்பாவது வேண்டும்.

உதாரணத்துக்கு எடை குறைக்கும் கதை. எல்லா வீரரிடமும் ஒன்று உண்டு. எந்த ஊர், எந்தச் சண்டை, கோச் யார், என்ன சாப்பிட்டேன் என்று ஆரம்பித்தால் ஒன்றரை நிமிடம் போய்விடும். இப்படிச் சுருக்கலாம்: "எடை குறைக்க ஆறு மணிநேரம் சானாவில் கிடந்தேன். எடை இன்னும் கொஞ்சம் அதிகம். கோச் சொன்னார், 'முடியை வெட்டு.' நான் மொட்டை. அவர் என் புருவத்தைப் பார்க்கிறார்." அடித்தளம் இரண்டு வரி, சிரிப்பு 'மொட்டை'யில், அதன் வால் 'புருவ'த்தில். பத்து நொடிக்குள் இரண்டு சிரிப்பு. சிரிப்பு விழும் சொல் வாக்கியத்தின் கடைசிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்குப் பிறகு நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் சிரிப்பின்மேலேயே ஏறி மிதிக்கும்.

யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்ற ஓப்பன் மைக்கில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கிடைக்கும். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட்டில், சன்செட் பூல்வார்டில் உள்ள காமெடி ஸ்டோர் கிளப்பின் புதுமுக இரவில் மூன்றே நிமிடம்தான். நேரம் முடியப்போகிறது என்று விளக்கு எரிந்ததும் முடித்துவிட்டு இறங்க வேண்டும். பிரபலம் என்பதால் விளக்கை மதிக்காமல் ஓட்டினால் மற்ற காமெடியன்கள் மறக்கமாட்டார்கள், மேலே போக அவர்கள் பரிந்துரைதான் வேண்டும். அமெரிக்க கிளப்பில் படிகள் தெளிவு: தொகுப்பாளர் பத்து நிமிடம், நடுவில் வருபவர் இருபது, இருபத்தைந்து, தலைமை ஆள் 45 முதல் 60 வரை. சண்டைப் பெயர் இருந்தால் கிளப் முதலாளி நேராகத் தலைமை இடத்தைக் கொடுப்பார். அவருக்கு வேண்டியது டிக்கெட் விற்பனை. இரண்டு வருடத்துக்காவது அதை மறுத்துவிடுங்கள் என்பதுதான் நான் தரும் ஆலோசனைகளிலேயே யாரும் கேட்காதது.

அறிவிப்பில் முழுப்பெயர் வேண்டாம், முதல் பெயர் மட்டும் போதும். உங்களை அடையாளம் தெரியாத அறையில் சிரித்தால்தான் அது ஜோக். ரசிகர்கள் மட்டுமே நிறைந்த அறையில் "எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்" என்றாலே கைதட்டல் வரும், அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளமுடியாது. ஒவ்வொரு முறையும் ஃபோனில் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் காலையில் சிரிப்பு விழுந்த இடங்களை எழுதிய தாளில் குறியுங்கள். மூன்று வெவ்வேறு அறைகளில் விழாத வரியைத் தூக்கி எறியலாம். ஒரே அறையில் விழாவிட்டால் அவசரப்பட வேண்டாம், அறையே சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

பயிற்சிப் பழக்கம் இங்கே காலை வாரும். சண்டைக்கு எட்டு வார முகாம், உச்சம், பிறகு ஓய்வு. இதற்கு உச்சமே கிடையாது. வாரம் ஐந்து, ஆறு முறை ஏறி, அதில் இரண்டு முறை தோற்பது வழக்கமான வாரம். வருடத்துக்கு ஒருமுறை தோற்றுப் பழகியவருக்கு அது எளிதல்ல. உடம்பும் இடைஞ்சல் செய்யும். கால்களை அகட்டி, தாடையைத் தாழ்த்தி நிற்கும் 110 கிலோ ஆளைப் பார்த்து முன்வரிசை தயங்கும். முதல் முப்பது நொடிக்குள் உங்களை நீங்களே கீழே இறக்கும் ஒரு ஜோக் தேவைப்படுவது அதனால்தான். தோல்விகள் அதற்கு வெற்றிகளைவிட உதவும். இடைமறித்துக் கத்துபவர் பக்கம் ஓரடிகூட எடுத்து வைக்காதீர்கள். மற்ற காமெடியன் நடந்தால் வேடிக்கை, நீங்கள் நடந்தால் மிரட்டல்.

பலர் தாமதமாக உணரும் ஒரு முரண் உண்டு. பாட்காஸ்டில் சொன்ன கதை மேடைக்குச் செத்த கதை. வாரம் நாலு மணிநேரம் பேசுகிறவர் தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் ஒரு வருடத்தில் இலவசமாகக் கொடுத்துவிடுவார், டிக்கெட் வாங்கி வருபவர் அதையெல்லாம் ஏற்கெனவே கேட்டவர். நோட்டில் 'மேடைக்கு மட்டும்' என்று ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் உள்ளதைப் பாட்காஸ்டில் தொடாமலிருக்க வேண்டும்.

ஸ்டாண்ட்-அப்தான் வேண்டும் என்றில்லை. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 2012இல் லாஸ் வேகாஸில் தொடங்கி, பிறகு ஸ்பைக் லீ இயக்கத்தில் பிராட்வேயில் நடத்தியது எழுதப்பட்ட தனிநபர் மேடைக் கதை. அங்கே ஐந்து நிமிடம் சிரிப்பு வராவிட்டாலும் கூட்டம் பொறுத்திருக்கும், கதை கேட்கத்தானே வந்திருக்கிறது. நீண்ட கதை சொல்வதில் வல்லவரான வீரருக்கு இந்த வடிவமே பொருத்தம் என்பேன். எதிர்த்திசைக்கு ரோகனைப் பாருங்கள். இளவயதில் டேக்வாண்டோ போட்டியாளர், 1988இல் பாஸ்டனில் மேடை ஏறியவர், 1997இல் யூஎஃப்சிக்கு வந்தவர், பாட்காஸ்ட் 2009இல். ஸ்டாண்ட்-அப் தொடங்கி இருபது வருடத்துக்குப் பிறகுதான் பாட்காஸ்ட்.

ஸ்பெஷல் எடுக்கும் நாள் வந்தால், அந்த ஒரு மணிநேரத்தை அதற்கு முன்பே வேறு ஊர்களில் நூறு முறையாவது ஓட்டியிருக்க வேண்டும். படம்பிடிப்பது ஒரே இரவில் இரண்டு காட்சி, இரண்டிலிருந்தும் நல்லதை எடுத்து ஒட்டுவார்கள். அதனால் இரண்டு காட்சிக்கும் ஒரே உடை வேண்டும். உங்களுக்கு வியர்க்கும், அதே சட்டையில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.