புயல் சின்னம் உருவாகியிருக்கிறது: வாழையையும் மாட்டையும் காக்க எப்போது தொடங்குவது?

கேள்வி: கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது என்கிறார்கள். புயலாக மாறுமா என்று இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு ஓர் ஏக்கர் வாழை, பாதிக்கு மேல் தார் தள்ளிவிட்டது. நெல் அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வரப்போரம் தென்னை. இரண்டு கறவை மாடு, ஒரு கன்று, கொஞ்சம் ஆடுகள். கடலோரத்திலிருந்து அதிகத் தூரமில்லை. புயல் என்று அறிவித்த பிறகு வேலையைத் தொடங்கினால் போதுமா? எதை முதலில் செய்வது?

பதில்: போதாது. உங்கள் வேலைகளில் பாதிக்கு ஆளும் கழியும் வேண்டும். பெயர் வைத்து அறிவித்த அன்று ஊரே ஆளுக்கும் கழிக்கும் அலையும். இன்றே தொடங்குங்கள். புயல் வராமல் போனாலும் இந்த வேலையில் முக்கால்வாசி மழைக்காலத்துக்கு எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

மாறுமா என்பதை ஏன் இழுக்கிறார்கள் என்றால், அது பல விஷயங்கள் கூடிவர வேண்டிய காரியம். கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதுவும் மேலாக மட்டுமில்லாமல் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம் வரை, சூடாக இருக்க வேண்டும். அங்கிருந்து எழும் ஈரக்காற்று மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்கும், கீழே அழுத்தம் குறையும், சுற்றிலுமிருந்து காற்று அங்கே பாயும். பூமியின் சுழற்சிதான் அதைச் சுழல வைக்கிறது. மேல்வானில் காற்று வேறு திசையில் பலமாக அடித்தால் இந்தக் கட்டே கலைந்துவிடும். பல தாழ்வுப் பகுதிகள் அப்படித்தான் கரைந்து போகின்றன. எல்லாம் கூடிவந்து, நீடித்த காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால்தான் அதற்குப் புயல் என்று பேர். சில சமயம் இது ஒரே நாளில் நடந்துவிடும்.

இன்னொன்று, பேரை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். காற்று வலுவிழந்த புயல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் மழையால் அழிக்கும். 2017-ல் ஹார்வி என்ற புயல் கரையேறி வலுவிழந்த பிறகும் நகராமல் கிடந்து, அமெரிக்காவின் டெக்சாஸில் சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வரைபடத்தில் கூம்பு போலக் காட்டுகிறார்களே, அது புயலின் மையம் போகக்கூடிய பாதை மட்டும்தான். கூம்புக்கு வெளியே இருந்தாலும் காற்றும் மழையும் உங்களைத் தொடலாம்.

அதனால் முதல் வேலை வடிகால். வாழைத் தோட்டத்துக் குறுக்கு வாய்க்காலையும் வயலின் கடைமடையையும் இன்றே தூர் வாருங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று இப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ஈரம் ஊறிய மண்ணில் வேரின் பிடி தளரும், அப்புறம் சாதாரணக் காற்றுக்கே மரம் சாயும். உரமும் மருந்தும் இப்போது போடுவது மழையில் கரைக்கிற பணம்.

வாழைக்கு வருவோம், உங்களுக்குப் பெரிய நட்டம் அங்கேதான் வரும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், மரத்தில் அதை வாங்குவது இலைதான். காய்ந்த இலையையும் அடி இலைகளையும் கழித்துவிடுங்கள். ஆனால் மொட்டையடிக்காதீர்கள், தார் தள்ளிய மரத்தில் எட்டு இலையாவது நிற்கட்டும், இல்லாவிட்டால் காய் பருக்காது. அடியில் மண் அணையுங்கள். காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு, முக்கால் பங்கு முற்றிய தார்களை வெட்டிவிடுங்கள். விலை குறைவுதான், ஆனாலும் விழுந்த தாருக்கு அதுவும் கிடைக்காது.

மீதிக்கு முட்டுக் கொடுக்கும்போது பலர் ஒரு பக்கம் மட்டும் கழி ஊன்றுகிறார்கள். புயலுக்கு அது உதவாது. மையம் உங்கள் மேல் கடந்தால் முதலில் ஒரு திசையில் அடித்த காற்று, நடுவில் ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையில் திரும்பி அடிக்கும். தார் சாயும் பக்கம் இரண்டு கழிகளைக் கத்தரி மாதிரி குறுக்கே வைத்து, தாரின் கழுத்துக்குக் கீழே தண்டைத் தாங்குங்கள். எதிர்ப்பக்கம் ஒரு கயிற்றை இழுத்து முளையில் கட்டுங்கள். கயிறு தண்டை அறுக்காமல் இருக்க, இடையில் காய்ந்த வாழைப்பட்டையைச் சுற்றுங்கள். கழி அரை மீட்டராவது மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

நெல்லில் நூற்றுக்கு எண்பது மணிகளுக்கு மேல் பழுத்திருந்தால் அறுத்துவிடலாம். பச்சையாக இருந்தால் விடுங்கள், வயல் நீரை மட்டும் முழுக்க வடித்து மடையைத் திறந்தே வையுங்கள். ஈரத்தோடு அறுத்த நெல்லைக் குவிக்காதீர்கள், சூடேறி முளைத்துவிடும். தென்னையில் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கினால் போதும்.

மாடுகளுக்கு வந்தால், தயவுசெய்து தும்பை அவிழ்த்து விடுங்கள். தண்ணீர் ஏறும்போது கட்டியிருக்கும் மாடு தப்ப முடியாமல் கட்டுத்தறியிலேயே இறந்துவிடும். கொட்டகைக் கூரை பலமில்லை என்று சந்தேகமிருந்தால், மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டுக்கு முந்தின நாளே ஓட்டிச் செல்லுங்கள். கன்றும் ஆடும் தானாக மேடு ஏறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள், அவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மூன்று நாலு நாள் தீவனமும் குடிநீரும் உயரத்தில் இருக்கட்டும். தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசியைக் கடைசி நேரத்தில் போட்டுப் பயனில்லை, எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். போடாமல் விட்டிருந்தால் புயல் கழிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

காற்று திடீரென்று நின்று வானம் வெளுத்தால் சாய்ந்த வாழையைத் தூக்க ஓடாதீர்கள். அது மையமாக இருக்கலாம், மறுபக்கம் எந்த நேரமும் வரும். புயல் கடந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டபின் வெளியே வாருங்கள்.

பிறகு முதலில் தண்ணீரை வடிய விடுங்கள், யூரியாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பாதி சாய்ந்த வாழையை நிமிர்த்தி மண் அணைத்தால் பிழைக்கும், முறிந்த மரத்தை வெட்டிவிட்டு ஒரு பக்கக் கன்றை வளர விடுங்கள். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குக் காட்டாதீர்கள். கடல்நீர் ஏறியிருந்தால் அதை உடனே வடித்து, மழைநீரைத் தேக்கித் தேக்கி வெளியேற்றுங்கள். கிணற்றை இறைத்து, நீரின் உப்புத்தன்மையைப் பரிசோதித்த பிறகே பயிருக்கும் மாட்டுக்கும் அந்தத் தண்ணீர்.