ஒட்டுண்ணி சாதுவாகுமா?

கேள்வி: தான் வாழும் உடலைக் கொன்றுவிட்டால் ஒட்டுண்ணிக்கும் கதி இல்லை. ஆகவே எந்த ஒட்டுண்ணியும் நாளடைவில் சாதுவாகி, கடைசியில் நன்மை செய்யும் பாக்டீரியா போல ஆகிவிடும் என்பது சரிதானே?

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டுண்ணி எதிர்காலத்தை யோசித்து நடப்பதில்லை. எந்த வகை அதிகம் பரவுகிறதோ அது மிஞ்சும், அவ்வளவுதான்.

1950-ல் ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. சில ஆண்டுகளில் வீரியம் குறைந்தது உண்மை. ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. முயல் உடனே செத்தால், வைரஸைப் பரப்பும் கொசு வந்து கடிக்க அவகாசமில்லை. நோய் லேசாக வந்துபோனால் தோல் புண்ணில் கொசு எடுத்துச் செல்லும் அளவுக்கு வைரஸ் இருக்காது. அப்புறம் முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூடியது. வைரஸும் மறுபடி வீரியமேறியது. இதில் சாது எங்கே வந்தார்?

தாய் வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும் பாக்டீரியாவின் கணக்கு வேறு. தாய்க்கு வாரிசு இல்லையென்றால் அதற்கும் இல்லை, அதனால் தாயைக் காப்பாற்றும். மகனைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை! வோல்பாகியா என்ற அத்தகைய பாக்டீரியா சில பூச்சிகளில் ஆண் கருக்களைக் கொன்றேவிடுகிறது. யானைக்கால் நோய்ப் புழுவுக்குள்ளும் வோல்பாகியா உண்டு. அங்கே அது இல்லாமல் புழுவால் இனம் பெருக்க முடியாது. டாக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்தைக் கொடுத்து பாக்டீரியாவை அழித்தால் புழு மலடாகிறது.

இன்னும் சிக்கலான கதை பட்டாணிச் செடியின் அசுவினிப் பூச்சியுடையது. ஒரு குளவி அதன் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஆனால் ஹாமில்டனெல்லா என்ற பாக்டீரியா உள்ள அசுவினிகளில் பெரும்பாலும் குளவிப் புழுதான் சாகிறது. அதற்கான நச்சு மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சரக்கும் இல்லை, அதைத் தொற்றியிருக்கும் ஒரு வைரஸுடையது. அந்த வைரஸ் தொலைந்தால் காவலும் போச்சு. குளவி சும்மா இருக்குமா? பாக்டீரியா உள்ள அசுவினி என்றால் ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டை வைக்கிறது. அப்போது குளவிப் புழு தப்பிக்கும் வாய்ப்பு கூடுகிறது. குளவியே இல்லாத கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, ஹாமில்டனெல்லா உள்ள அசுவினிகளின் பங்கு குறைந்துகொண்டே போனது. காவலுக்கும் தீனி போட வேண்டுமே. ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்கிறீர்கள். குளவி இருக்கும் கூண்டிலா, இல்லாத கூண்டிலா?