லண்டன் வீட்டு அட்வான்ஸ்: பெயின்டுக்கும் மசாலா வாடைக்கும் பிடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் திருச்சிக்காரர்கள். மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். அவருடைய விசாவில் நானும் வந்தேன். 2023 செப்டம்பரில் ஈஸ்ட் ஹாமில் மாதம் 1,500 பவுண்டு வாடகைக்கு ஒரு படுக்கையறை ஃபிளாட் எடுத்தோம். வீட்டுக்காரரும் தமிழர், கோயிலில் பழக்கமானவர். அவர் வேறு தெருவில் குடியிருக்கிறார். "நமக்குள் எதற்குப் பேப்பர்?" என்று சொல்லி ஒப்பந்தம் எழுதவில்லை. இரண்டு மாத வாடகை, 3,000 பவுண்டு, அட்வான்ஸாக ரொக்கமாக வாங்கிக்கொண்டார். முறைப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு 2025 அக்டோபரில் காலி செய்தோம். இப்போது, பெயின்டுக்கு ஒரு மாத வாடகை, அது ஊர் வழக்கம்தானே என்கிறார். படுக்கையறைச் சுவரில் படிந்த பூஞ்சணத்துக்கு ஒரு தொகை, மசாலா வாடை போகக் கார்ப்பெட் மாற்ற ஒரு தொகை, கண்ணாடி அடுப்பில் விழுந்த விரிசலுக்கு ஒரு தொகை என்று கணக்குப் போட்டு, நாங்கள்தான் அவருக்குத் தரவேண்டும் என்று முடிக்கிறார். (அடுப்பில் குக்கர் விழுந்தது உண்மை.) கோர்ட்டுக்குப் போவோம் என்றதற்கு, விசா விவகாரம் பார்க்கும் ஹோம் ஆபீசுக்கு எழுதிப்போடுவேன் என்றார். ரசீது கிடையாது. விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம். அவர் போட்ட கணக்கைப் பார்க்கும் முன், அவர் போடாத ஒரு கணக்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர் வாங்கும் அட்வான்ஸ் அவருடைய பணம் அல்ல, குடியிருப்பவரின் பணம். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் இந்தப் பகுதி 2007 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற வாடகைக் குடியிருப்புக்கு வாங்கிய அட்வான்ஸை, கைக்கு வந்த 30 நாளுக்குள் அரசு அனுமதி பெற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்பவை அந்த மூன்று. எந்தத் திட்டத்தில் பதிந்தார், தகராறு வந்தால் என்ன வழி என்ற விவரங்களையும் அதே 30 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். தரவில்லையென்றால் அதுவும் தனித் தவறு. பணத்தைப் பதிந்துவிட்டு விவரத் தாளைத் தராமல் மாட்டிக்கொண்ட உரிமையாளர்களும் உண்டு.

முதல் வேலையாக மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் தேடிப் பாருங்கள். அஞ்சல் குறியீடு, உங்கள் குடும்பப் பெயர், குடிவந்த தேதி, தொகை இவற்றைக் கொடுத்தால் தெரிந்துவிடும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஒரு தலைவலி. அப்பா பெயரா, சொந்தப் பெயரா என்று பதிந்தவரே குழம்பியிருப்பார். இரண்டையும் போட்டுத் தேடுங்கள், மனைவி பெயரிலும் தேடுங்கள். எதிலும் இல்லை என்ற பதில் வந்தால் அந்தத் திரைகளைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ரொக்கமாக வாங்கி, பேப்பரே வேண்டாம் என்றவர் எங்கும் பதிந்திருக்க மாட்டார் என்பதே என் கணிப்பு.

பதியவில்லை என்றால், அட்வான்ஸைப் போல ஒரு மடங்குக்குக் குறையாமலும் மூன்று மடங்குக்கு மேற்படாமலும் உங்களுக்கு அபராதமாகத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டே ஆக வேண்டும். தரலாமா வேண்டாமா என்பதில் நீதிபதிக்கு விருப்புரிமை கிடையாது. எத்தனை மடங்கு என்பதை மட்டும் அவர் முடிவு செய்வார். உங்கள் விஷயத்தில் அது 3,000 முதல் 9,000 பவுண்டு வரை. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது இதற்கு மேல். குடியிருப்பு முடிந்த பிறகும் இந்த உரிமை இருக்கிறது. ஒரு காலத்தில் இதில் இருந்த ஓட்டை 2012இல் அடைக்கப்பட்டது. வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் சாட்சியின் ஞாபகம் அவ்வளவு காலம் தாங்காது.

மூன்று மடங்கு நிச்சயம் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். விவரம் தெரியாமல் ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டவரையும், நாலைந்து வீடு வைத்துத் தொழிலாகச் செய்பவரையும் நீதிபதி ஒன்றாகப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் எந்த ரகம் என்பதை விசாரித்து வையுங்கள்.

அடுத்தது, அவர் வாங்கிய தொகையே தவறு. 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்கள் ஆண்டு வாடகை 18,000. அதை 52ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 1,730 பவுண்டு 77 பென்ஸ். மீதி 1,269 பவுண்டு 23 பென்ஸ் அவர் வாங்கியிருக்கவே கூடாத பணம். அந்த மிகுதியை மட்டும் கேட்டு முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கும் போகலாம். உள்ளூராட்சியின் வர்த்தகத் தரநிலைத் துறையும் இதில் நடவடிக்கை எடுக்க முடியும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இரண்டு மாதம் சலுகையாகத்தான் தோன்றும். இங்கே அது சட்ட மீறல்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் எழுதவில்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்படாத, சந்தை வாடகைக்கு விட்ட குடியிருப்பு வாய்மொழியாகவே செல்லும் என்று 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டமே சொல்கிறது. நீங்கள் குடியிருந்தீர்கள், மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள், அவர் வாங்கினார். அது போதும். எழுதாமல் விட்டதால் கை கட்டப்பட்டவர் அவர்தான். குடிவந்த அன்று வீடு எந்த நிலையில் இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

ரொக்கத்தை நிரூபிப்பது எப்படி? இது சிவில் வழக்கு. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் எது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். குடிவந்த வாரத்தில் வங்கியிலிருந்து எடுத்த தொகை, நண்பரிடம் கடன் வாங்கியிருந்தால் அவர் அனுப்பிய பணத்தின் பதிவு, பணம் கொடுக்கும்போது உடனிருந்தவர், எல்லாம் சாட்சிதான். இவற்றைவிடப் பெரிய சாட்சி வீட்டுக்காரரே கொடுத்திருக்கிறார். பெயின்டுக்கு இவ்வளவு, கார்ப்பெட்டுக்கு இவ்வளவு என்று அட்வான்ஸிலிருந்து கழிக்கிறார் அல்லவா? அட்வான்ஸ் வாங்காதவர் எதிலிருந்து கழிப்பார்? அந்தக் கணக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். குரல் பதிவாக இருந்தால் அவர் பேசிய தமிழை அப்படியே எழுதி, பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்தையும் சேருங்கள். வாயால் மட்டும் சொன்னார் என்றால், இன்றே மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணா, நாங்கள் கொடுத்த 3,000 பவுண்டு அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா?" கணக்குக் காட்டுவதில் ஆர்வமுள்ளவர், அனுப்புவார்.

கழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெயின்டுக்கு ஒரு மாத வாடகை என்ற வழக்கம் திருச்சியிலும் சென்னையிலும் இருக்கலாம், இங்கே இல்லை. இரண்டு ஆண்டு மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கும். நியாயமான தேய்மானத்துக்கு ஒரு பென்னிகூடப் பிடிக்க முடியாது. சுவரில் ஓட்டை போட்டிருந்தாலோ குழந்தை கிறுக்கியிருந்தாலோ கதை வேறு.

பூஞ்சணம் பெரும்பாலும் அவர் தலையில்தான் விடியும். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடத்தின் அமைப்பைப் பழுது பார்ப்பது உரிமையாளரின் கடமை. குடியிருக்கத் தகுந்த நிலையில் வீடு இருக்க வேண்டும் என்பதை 2018ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக வலியுறுத்துகிறது, ஈரக்கசிவு அதில் ஓர் அம்சம். "நீங்கள் ஜன்னலைத் திறக்கவில்லை, துணியை உள்ளே உலர்த்தினீர்கள்" என்று சொல்வது இந்த நாட்டு வீட்டுக்காரர்களின் பழைய பல்லவி. குளியலறை விசிறி ஓடவில்லை, சுவர் ஈரமாக இருக்கிறது என்று நீங்கள் எப்போதாவது படத்தோடு அனுப்பியிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். அவருடைய பதில் கட்டை விரல் குறி மட்டும் என்றாலும் அது, அவருக்குத் தெரியும் என்பதற்குச் சான்று.

மசாலா வாடையைப் படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கென்ட் பகுதியில் ஏராளமான வாடகை வீடுகள் வைத்திருந்த ஒருவர், கறி வாடையைக் காரணம் சொல்லி நிறத்தவருக்கு வீடு இல்லை என்று முகவருக்கு எழுதினார். சமத்துவ, மனித உரிமை ஆணையம் வழக்குப் போட்டு, 2017 நவம்பரில் மெய்ட்ஸ்டன் கவுண்டி நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. அது பாகுபாட்டு வழக்கு, உங்களுடையது பணத் தகராறு. இருந்தாலும், சாம்பார் வைக்கும் வீட்டுக்காரரே அதே காரணத்தைக் கையில் எடுப்பதை என்னவென்று சொல்வது! சட்டத்துக்கு வருவோம். வீட்டில் சமைப்பது வீட்டைப் பயன்படுத்துவதுதான். வாடை உண்மையிலேயே தங்கிவிட்டது என்று அவர் நிரூபித்தாலும், கார்ப்பெட்டைச் சுத்தம் செய்யும் நியாயமான செலவைத்தான் கேட்க முடியும். பழைய கார்ப்பெட்டுக்கு உங்கள் செலவில் புதுக் கார்ப்பெட் விரித்துக்கொள்ள முடியாது.

அடுப்பு உங்கள் பொறுப்பு. அதை மறைக்கவே மறைக்காதீர்கள். முதல் கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அடுப்பு எத்தனை ஆண்டு பழையது என்று கேட்டு, அந்த வயதைக் கழித்த மதிப்பைத் தருவதாகச் சொல்லுங்கள். ஒரு தவறைத் தானாக ஒப்புக்கொள்பவரின் மற்ற வார்த்தைகளை நீதிபதி நம்புவார் என்பது நடைமுறையில் நான் காண்பது.

விசா மிரட்டல் வெறும் மிரட்டல். உங்கள் விசா செல்லுபடியாக இருந்தால் ஹோம் ஆபீசுக்கு எழுத அவரிடம் விஷயமே இல்லை. சொந்தப் பணத்தைக் கேட்டு வழக்குப் போடுவது அரசின் உதவித்தொகை வாங்குவது ஆகாது, விசா நிபந்தனை எதையும் மீறாது. வீடு கொடுக்கும் முன் குடியிருப்பு உரிமையைச் சரிபார்க்கும் கடமை இங்கிலாந்தில் அவருக்குத்தான். உரிமை இல்லாதவர்களை வைத்தால் முதல் முறையே ஆளுக்கு 10,000 பவுண்டு வரை அபராதம் கட்ட வேண்டியவரும் அவர்தான். அந்த மிரட்டல் எழுத்தில் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு செய்ய வேண்டியது, எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். குடிவந்த தேதி, கொடுத்த தொகை, எந்தத் திட்டத்திலும் பதியவில்லை என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213, 214ஆம் பிரிவுகள், 14 நாள் கெடு. கோபம், சாபம், கோயில் பெயர் எதுவும் அதில் வரக் கூடாது. மின்னஞ்சலிலும் அஞ்சலிலும் அனுப்பி, அஞ்சலகச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் நிலப் பதிவேட்டில் 7 பவுண்டு கட்டி அந்த வீட்டின் உரிமைப் பதிவை எடுத்துப் பாருங்கள். வீடு வேறொருவர் பெயரில் இருப்பதும், உங்களிடம் வாடகை வாங்கியவரே அங்கே வாடகைக்காரர் என்பதும் ஈஸ்ட் ஹாம் பக்கம் அபூர்வம் அல்ல. அப்படி இருந்தாலும் உங்களுக்கு வீட்டை விட்டவர்தான் சட்டப்படி உங்கள் வீட்டுக்காரர். வழக்கு யார் மீது என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவே.

கெடு தாண்டினால் கவுண்டி நீதிமன்றம். இந்த வகை வழக்கு வழக்கமாக என்208 என்ற படிவத்தில் போகிறது. வீட்டை நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்திருந்தால் மனைவியும் வாதியாகச் சேர வேண்டும். இதை விட்டுவிட்டுச் சிக்கலில் மாட்டுபவர்கள் அதிகம். இதற்கு அரசுச் சட்ட உதவி பொதுவாகக் கிடைக்காது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு உங்கள் மேல் விழும் வாய்ப்பும் இருக்கிறது. அதனால் படிவம் போடும் முன் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்ட்டர், உங்கள் பகுதிச் சட்ட மையம் ஏதாவது ஒன்றில் ஆவணங்களைக் காட்டிவிடுங்கள். வருமானம் குறைவு என்றால் நீதிமன்றக் கட்டணத்தில் சலுகை கேட்கலாம்.

இதே கேள்வியை அனுப்ப நினைக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து உங்களுக்கு ஓர் அறையை மட்டும் விட்டிருந்தால் இந்த அட்வான்ஸ் பாதுகாப்பு விதி பொருந்தாது. பணத்தை மட்டும் சிறு வழக்காகக் கேட்கலாம், அபராதம் கேட்க முடியாது. ஸ்காட்லாந்தில் சட்டமும் தீர்ப்பாயமும் வேறு, அங்கே அபராதம் கேட்க மூன்று மாதமே அவகாசம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கடிதம் போன பிறகு என்ன நடக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கோயிலில் பெரியவர் ஒருவர் நடுவில் வருவார். "மூவாயிரத்தைக் கொடுத்துவிடுகிறார், இத்துடன் விடுங்கள்" என்பார். அது கெட்ட முடிவு அல்ல. எத்தனையோ பேர் அதிலேயே நிம்மதியாக ஒதுங்குகிறார்கள், நீங்களும் ஒதுங்கலாம். ஆனால் அவர் பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தாலும் அபராதம் கேட்கும் உரிமை அதனால் மட்டும் போய்விடாது. "எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முழுமையாகத் தீர்ந்தன" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் போகும். அப்படி ஒரு தாளை நீட்டினால், அந்த ஒரு கையெழுத்துக்கு 3,000 பவுண்டுக்கு மேல் எவ்வளவு பெறுமானம் என்று நீங்களும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கோயில் வாசலில் நின்றுகொண்டு போடாதீர்கள்.