14 வயது மகனை 12 நாள் பில்மான்ட் மலைக்கு அனுப்பலாமா? கரடி இருக்கும் இடமாமே?

உங்கள் கேள்வி இது: டல்லாஸில் இருக்கிறீர்கள், மகன் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், அவனுடைய சாரணர் குழு ஜூலையில் நியூ மெக்சிகோவிலுள்ள பில்மான்டுக்குப் போகிறது. 12 நாள் மலையில் போன் எடுக்காது, கரடி உண்டு, வீட்டில் சைவம். அனுப்பலாமா?

அனுப்புங்கள். இந்தக் குழுக்களைத் தயார் செய்கிறவர்கள் பக்கம் நின்று சொல்கிறேன். "பெத்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும், உங்களுக்கென்ன" என்று கீழே யாராவது எழுதுவார்கள். பயத்தை நான் குறை சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்கிறேன். எல்லாரும் கரடியையே நினைத்துக்கொண்டிருப்பதால் குதிகாலையும் தண்ணீரையும் இடியையும் மறந்துவிடுகிறார்கள். பாதி நடையில் திரும்ப வேண்டிவந்தால் பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிமரான் என்ற சின்ன ஊரை ஒட்டி, சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரில் ஏறத்தாழ 1,40,000 ஏக்கர். வெயிட் பிலிப்ஸ் என்ற எண்ணெய் வணிகர் 1938-இலும் 1941-இலும் சாரணர் இயக்கத்துக்கு எழுதிக்கொடுத்த நிலம்தான் இதில் பெரும்பகுதி. தாழ்ந்த இடம் 6,500 அடி, உச்சியான பால்டி மலை 12,441 அடி. 14 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 13 வயதாகி எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். குழுவுக்கு 7 முதல் 12 பேர். ரேஞ்சர் என்கிற பில்மான்ட் வழிகாட்டி ஒருவர் முதல் சில நாள் கூட நடந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு வரைபடம் பிள்ளைகள் கையில். தலைவன் அவர்களில் ஒருவன்தான். பெரியவர்கள் பின்னால் நடப்பார்கள்.

முதலில் கால். பூட்ஸை பிப்ரவரி, மார்ச்சுக்குள் வாங்கிவிடுங்கள். காலையில் போய் அளவு பார்க்காதீர்கள், சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, மலையில் போடப்போகும் அதே கம்பளிச் சாக்ஸோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரிவான பலகையில் இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் இடித்தால் அந்த அளவு வேண்டாம். இடிக்கிற ஷூவோடு சுமை தூக்கி இறங்கினால் இரண்டே நாளில் நகம் கறுத்துவிடும். வளரும் பையன் என்று ஒன்றரை அளவு கூட்டி வாங்குவதும் தப்பு. குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் அங்கேதான் கிளம்பும். கிளம்புவதற்கு முன் அந்த ஷூவில் 50 மைலாவது நடந்திருக்க வேண்டும், அதில் பாதியாவது பையைச் சுமந்தபடி. டல்லாஸில் மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பல மாடிக் கார் நிறுத்தத்தின் படிக்கட்டு போதும். ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழக்குங்கள், முழங்காலுக்கு அங்கேதான் வேலை.

பருத்திச் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். மெல்லிய உள்சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளிச் சாக்ஸ் ஒன்று; அப்போது உரசல் தோலில் படாமல் இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கும். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலில் காசளவு ஓர் இடம் சூடாகும், லேசாக எரியும். அந்த நிமிடமே குழு முழுக்க நின்று, ஷூவைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக் காயவிட்டு, விளையாட்டு வீரர்கள் ஒட்டும் அந்தக் கெட்டியான துணி டேப்பைச் சுருக்கமில்லாமல், முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் 14 வயதுப் பையன் வாய் திறக்க மாட்டான். தன்னால் எல்லாரும் நிற்க வேண்டுமே என்ற கூச்சத்தில் இன்னும் ஒரு மணி நேரம் நடப்பான். அதற்குள் நீர் கோத்துவிடும், மறுநாள் நொண்டுவான், அவன் சுமையை மற்றவர்கள் பிரித்துத் தூக்க வேண்டிவரும். அதனால் "நில்லுங்க, கால் சுடுது" என்று கூச்சப்படாமல் சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள். பேருந்து ஏறும் முந்தின நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அடுத்தது சுமை. தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து உடல் எடையில் கால் பங்கு நல்லது, 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 100 பவுண்டுப் பையன் என்றால் 30 பவுண்டு. இரண்டு லிட்டர் தண்ணீரே நாலரைப் பவுண்டு. மூன்று நான்கு நாள் சாப்பாட்டை ஒரே தடவையில் தூக்குவார்கள், அது ஆறேழு பவுண்டு. பானை, அடுப்பு, கயிறு என்று குழுவின் பொதுச் சாமானில் அவன் பங்கு மூன்று நான்கு. கூட்டிப் பாருங்கள், பை, தூங்கும் பை, பாய், கூடாரத்தில் பாதி, துணி எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 14, 15 பவுண்டுதான். கடைகளில் 85 லிட்டர் பையை எடுத்து நீட்டுவார்கள். 65 லிட்டர் போதும். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். பையின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் இல்லை. தோள்பட்டை வலிக்கிறது என்றால் முக்கால்வாசி நேரம் காரணம் இந்தப் பட்டைதான்.

நடக்க இரண்டு செட் துணி. தூங்க ஒரு தனிச் செட். தூங்கும் செட்டைப் போட்டுக்கொண்டு சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. ஜீன்ஸ் வேண்டாம். ஜூலையிலும் இரவில் 40 டிகிரி பாரன்ஹீட் பக்கம் இறங்கும், அதனால் கம்பளிக் குல்லா ஒன்றும் கனமான மேல்சட்டை ஒன்றும் கட்டாயம். மழைக்கு மலிவான பிளாஸ்டிக் போர்வை முதல் காற்றிலேயே கிழிந்துவிடும். சட்டையும் பேன்ட்டுமாக உண்மையான மழை உடுப்பு வாங்குங்கள்.

இப்போது கரடி. அங்கே இருப்பது கருங்கரடி. அது உங்கள் மகனைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடித்தான் வரும். சாப்பாடு மட்டும்தான் வாசனை என்று நினைக்காதீர்கள். பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, பிளாஸ்திரி, மாத்திரை, மிட்டாய்க் காகிதம், எலுமிச்சைத் தூள் கரைத்த பாட்டில் எல்லாமே இதில் சேர்த்தி. இவை இருட்டும் முன் பைகளில் போய் மரத்துக்கு மரம் கட்டிய கம்பியில் உயரே தொங்க வேண்டும். பல் தேய்த்த பிறகு வரும் பற்பசைக்கும் இரவு மாத்திரைக்கும் தனியாக ஒரு சின்னப் பையும் கயிறும் உண்டு. அடுப்படி, கழிவுநீர்க் குழாய், பை தொங்கும் இடம் ஆகிய மூன்றையும் கோடு போட்டுச் சேர்த்தால் வரும் முக்கோணத்துக்குள் கூடாரமே போடக்கூடாது. அதிலிருந்து 50 அடியாவது தள்ளித்தான் தூங்க வேண்டும்.

அடிக்கடி தப்பிப்போவது உதட்டுக் களிம்பு. கால்சட்டைப் பையில் கிடக்கும், கால்சட்டை கூடாரத்துக்குள் போகும். நம் வீடுகளில் இன்னும் சில உண்டு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் அந்த 12 நாளும் வேண்டாம். பர்ஸில் மடித்து வைத்த வாசனை விபூதிப் பொட்டலம் இரவில் அந்தப் பையில்தான் தொங்க வேண்டும். ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் முறுக்கையும் ஊறுகாயையும் பையன் "ராத்திரி பசிச்சா" என்று தலைமாட்டில் வைத்துக்கொள்வான். தயவுசெய்து ஒளித்து வைத்துக் கொடுக்காதீர்கள். சாப்பாடு கிடைக்கும் என்று ஒருமுறை பழகிவிட்ட கரடி மனிதர்களை விட்டுப் போகாது, கடைசியில் அதைத்தான் கொல்ல வேண்டிவரும்.

சைவத்துக்கு வழி இருக்கிறது. அந்த வருட உணவுப் பட்டியலை, சேர்மானங்களோடு, முன்கூட்டியே தருகிறார்கள். ஒத்துக்கொள்ளாததை எடுத்துவிட்டு வீட்டிலிருந்து மாற்று கொண்டுபோகலாம். குழு எண்ணும் நாளும் எழுதிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் உணவு வாங்கும் முகாம்களுக்குப் போய்ச் சேரும். கட்டணத்தைக் குறைக்க மாட்டார்கள். 9,000 அடியில் தண்ணீர் ஏறக்குறைய 196 டிகிரி பாரன்ஹீட்டிலேயே கொதித்துவிடும், 212 வராது. அதனால் துவரம்பருப்பு லேசில் வேகாது, பச்சரிசி நடுவில் கடுக்கென்று நிற்கும். வறுத்த ரவை உப்புமா மிக்ஸ், அவல், பருப்புப்பொடி, முன்பே வெந்து உலர்த்திய சாதம் இவைதான் சரிவரும். கொதிநீர் ஊற்றி மூடி பத்து நிமிடம் வைத்தால் போதும். அளவைக் கறாராக எடுங்கள், ஏனென்றால் அங்கே மிச்சம் என்பதே கிடையாது. புதரில் கொட்டக் கூடாது. பானையில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட வேண்டும், கழுவிய நீரை வடிகட்டிக் கழிவுநீர்க் குழாயில் ஊற்ற வேண்டும், வடிகட்டியில் நின்ற துணுக்கைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சாப்பிடும் முன் ஒவ்வொருவர் கிண்ணத்தையும் கரண்டியையும் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். சோம்பல்பட்டு அதை விட்ட குழுவில் மூன்றாம் நாள் எல்லாருக்கும் வயிறு போகும்.

ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், அப்படியே குடிக்கக் கூடாது. குளோரின் டையாக்சைடு மாத்திரை லிட்டருக்கு ஒன்று. பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் அரை மணி நேரம் போதும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாக நாலு மணி நேரம் ஆகும். பலர் விடுவது ஒன்று உண்டு: மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மருந்துத் தண்ணீர் மரை வழியாகக் கசிய விட வேண்டும். வாய் வைக்கிற அந்த மரையில் ஓடைத் தண்ணீர் அப்படியே தங்கியிருக்கும். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்க வேண்டும். டல்லாஸ் கடல்மட்டத்திலிருந்து 430 அடிதான், அடிவார முகாமே 6,700. முதல் இரண்டு நாள் வரும் தலைவலிக்குப் பாதிக் காரணம் உயரம், பாதிக் காரணம் தண்ணீர் குடிக்காதது. முடிந்தால் குழுவை ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கச் சொல்லுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வானத்துக்குத்தான். ஜூலையில் பிற்பகல் இடிமழை அங்கே வாடிக்கை. விடியும் முன் கிளம்பி, மதியத்துக்குள் உச்சியை விட்டு மரங்களுக்குள் இறங்கிவிட வேண்டும். பால்டியின் மேல்பகுதி வெறும் கல். ஒதுங்க எதுவும் கிடையாது. மாட்டிக்கொண்டால் 50 அடி இடைவெளியில் ஆளாளுக்குப் பிரிந்து, பாயை மடித்துப் போட்டு, இரு பாதமும் சேர்த்துக் குந்த வேண்டும், தனிமரத்தடி கூடாது. 2015 ஜூனில் அங்கேயுள்ள போனில் (Ponil) என்ற பள்ளத்தாக்கில் அதிகாலைத் திடீர் வெள்ளம் கூடாரங்களை அடித்துக்கொண்டு போய் ஒரு சிறுவன் இறந்தான். இதை மறைத்து உங்களிடம் "அனுப்புங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஓடை ஓரத்தில் கூடாரம் போடாதே என்பதை மகன் காதில் ஏற்றுங்கள். இன்னொன்று: 2018-இல் யூட் பார்க் காட்டுத்தீயால் அந்தக் கோடை நடைகள் அத்தனையும் ரத்தாயின. டிக்கெட்டை மாற்றிக்கொள்ளும் வசதியோடு எடுங்கள்.

உங்கள் கணவர் ஆலோசகராகக் கூடப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு ஒரே வேண்டுகோள்: வரைபடத்தை வாங்காதீர்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பிள்ளைகள் தப்பான பக்கம் திரும்புவார்கள். அப்பாக்களுக்குக் கை பரபரக்கும். ஆபத்து இல்லையென்றால் பேசாமல் நடங்கள். அரை மணி நேரம் கழித்து ஓடை இடது பக்கம் வர வேண்டியது வலது பக்கம் வருகிறதே என்று ஒருவன் நிற்பான், எல்லாரும் சண்டை போட்டு, வரைபடத்தைத் தரையில் விரித்து, திசைகாட்டியை அதன்மேல் வைத்துத் திருப்பி, அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த ஒரு மைல் வீண்நடைக்காகத்தான் இவ்வளவு தூரம் அனுப்புகிறோம். தங்கச் சுரங்கத்துக்குள் போவது, உயரக் கம்பம் ஏறுவது, கழுதை மேல் சுமை கட்டுவது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பையன் வளர்வது பாதை பிரியும் அந்த இடத்தில்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நம்மவர் நடத்தும் சில பயிற்சி வகுப்புகளில் ஜூலையில் இரண்டு வாரம் வராவிட்டால் கட்டிய பணமும் போகும், இடமும் போகும் என்கிறார்கள். அதற்குப் பயந்து பிள்ளையைக் குழுவிலிருந்து எடுத்துவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். 12 பேருக்குப் போட்ட கூடாரக் கணக்கும் சுமைக் கணக்கும் அன்றைக்கே குலைந்துபோகிறது. கணக்குப் பாடம் ஆகஸ்டிலும் இருக்கும். படிப்பு முக்கியமில்லையா என்று என்மேல் பாயாதீர்கள், முக்கியம்தான். பதினோரு பேருக்குக் கொடுத்த வாக்கும் முக்கியம்.

போன் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. ஊழியர் இருக்கும் முகாம்களில் ரேடியோ உண்டு, குழுவில் இரண்டு பேராவது வனப்பகுதி முதலுதவி படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஏதாவது என்றால் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். அடிவார முகாமின் அவசர எண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். இன்ஹேலர் உண்டென்றால் இரண்டாகக் கொடுங்கள், ஒன்று அவனிடம், ஒன்று ஆலோசகரிடம். பேருந்து ஏறும் முன் கால்சட்டைப் பை இரண்டிலும் கைவிட்டுப் பாருங்கள்.