ஒரே சீதன வீடு, பல துறைகள்: சமூகவியல் கேள்வி பதில்

சமூகவியலின் பரப்பு எது, பக்கத்துத் துறைகளோடு அதற்கு என்ன உறவு என்று மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி மாணவி: மிஸ், குடும்பத்தைச் சட்டமும் படிக்கிறது, பொருளியலும் படிக்கிறது, மானிடவியலும் படிக்கிறது. சமூகவியலுக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது?

மிச்சத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது மகள். ஒரே விஷயத்தைத்தான் எல்லாத் துறைகளும் பார்க்கின்றன, கேட்கும் கேள்விதான் வேறு. நம் பக்கத்துச் சீதன வீட்டையே எடுங்கள். தமிழரிடமும் சரி, முஸ்லிம்களிடமும் சரி, கல்யாணம் பேசும்போதே வீட்டுப் பேச்சும் வந்துவிடும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த கையோடு, அடுத்தவளுக்கு எங்கே அத்திவாரம் போடுவது என்று தகப்பன் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த வீட்டின் உறுதிப்பத்திரம் யார் பெயரில் என்று சட்டம் கேட்கும். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் சீமெந்திலும் கல்லிலும் போய் முடங்குவதால் என்ன விளைகிறது என்று பொருளியல் கேட்கும். பிள்ளைகள் தாயின் ‘குடி’யைச் (பரம்பரைக் கூட்டத்தை) சேரும் தாய்வழிக் குடி முறையோடு சேர்த்து மானிடவியல் பார்க்கும். சமூகவியல் கேட்பது இவை: நான்கு பெண்பிள்ளைகள் உள்ள காணியில்லாத குடும்பம் ஊரில் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது? வீடு தன் பெயரில் இருப்பதால் பெண்ணின் பேச்சுக்கு வீட்டுக்குள் மதிப்புக் கூடுகிறதா? படித்து, அரச உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களும் ஏன் இதை விடுவதில்லை?

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு பார்த்தோம். இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோரத்தில் அழிந்த வீடுகளில் பல, பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. புதிய வீடுகள் கொடுத்தபோது ‘குடும்பத் தலைவர்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயர் விழுந்தது, வீடும் பல இடங்களில் அவர் பெயருக்கே போனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. ஆனால் தாய் மகளுக்குக் கொடுத்துவந்த சொத்து ஒரு படிவத்தால் கைமாறிவிட்டது. தாய்வழிச் சொத்துரிமையைச் சொன்ன இப்பகுதியின் பழைய முக்குவர் சட்டம் நீதிமன்றத்திலிருந்து மறைந்து நெடுங்காலமாகியும் அந்த வழக்கம் ஊரில் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல, படிவம் தயாரித்த மேசையில் ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

சம்மாந்துறை ஆசிரியர்: ஒகஸ்ட் கொம்ட்தான் சமூகவியலின் தந்தை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இப்னு கல்தூன் அவருக்கு முந்தியவர் இல்லையா?

முந்தியவர்தான் சேர், நான்கு நூற்றாண்டுக்கு மேல். 1377இலேயே வட ஆபிரிக்காவில் இருந்துகொண்டு, அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் சரிகின்றன என்பதற்கு மனிதக் கூட்டத்தின் உள்ளொற்றுமையில் காரணம் தேடினார். கொம்ட் 1830களின் இறுதியில் துறைக்குப் பெயர் வைத்தார், விஞ்ஞானங்களின் வரிசையில் அதற்கு ஓர் இடமும் கொடுத்தார். இருவரையும் சொல்லிக்கொடுங்கள். இப்னு கல்தூனை வெறும் வரலாற்றாசிரியராக ஒதுக்கினால், வரலாறும் சமூகவியலும் எவ்வளவு நெருக்கமானவை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.

ஏறாவூர் மாணவர்: பரப்புப் பற்றி இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு என்று குறிப்பில் இருக்கிறது. பரீட்சைக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும் தம்பி. ஜோர்ஜ் சிம்மல் போன்றவர்கள் உறவின் வடிவத்தை மட்டும் சமூகவியல் படிக்கட்டும் என்றார்கள்: போட்டி, கீழ்ப்படிவு, வேலைப்பிரிவு இப்படி. உள்ளடக்கத்தை மற்றத் துறைகள் பார்த்துக்கொள்ளும். டேர்கைம், ஹொப்ஹவுஸ், சொரோக்கின் ஆகியோர் சமூகத்தை முழுதாகப் பார்த்து, பல துறைகளின் முடிவுகளை இணைக்க வேண்டும் என்றார்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் சிம்மலை அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். இருவர் மட்டும் உள்ள உறவில் மூன்றாமவர் நுழைந்ததும் மத்தியஸ்தம், கூட்டுச்சேர்தல், பிரித்தாளுதல் எல்லாம் சாத்தியமாகின்றன என்று அவர் காட்டியது வீட்டுக்கும் பொருந்தும், பாராளுமன்றத்துக்கும் பொருந்தும்.

காத்தான்குடி வாசகி: பொருளியல் படித்த என் தம்பி, மனிதர் இலாபம் பார்த்துத்தான் நடப்பார்கள், சமூகவியல் தேவையில்லை என்கிறான். என்ன சொல்வது?

அவனிடம் சீட்டுப் பற்றிக் கேளுங்கள். இருபது பேர் மாதாமாதம் காசு போடுகிறார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுக்காசையும் எடுக்கிறார். முதல் மாதம் எடுத்தவர் கடன் வாங்கியவர் மாதிரி, கடைசியில் எடுப்பவர் சேமித்தவர் மாதிரி. இதுவரை தம்பியின் கணக்கு சரி. ஆனால் முதல் மாதமே முழுக்காசையும் எடுத்தவர் மிச்சப் பத்தொன்பது மாதமும் ஏன் கட்டுகிறார்? உறுதி இல்லை, பிணை இல்லை, பொலிசுக்குப் போவதும் இல்லை. சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் கேட்டால், ஆளைத் தெரியாமல் சேர்க்கமாட்டேன் என்பார். புதிதாக வந்தவருக்கு முதல் சீட்டுக் கொடுக்கவும் மாட்டார். கட்டாமல் விட்டவருக்கு அடுத்த சீட்டிலும் இடமில்லை, கல்யாண வீட்டிலும் முகம் கொடுக்க முடியாது. கிளிபர்ட் கீர்ட்ஸ் என்ற மானிடவியலாளர் 1962இல் இப்படிப்பட்ட சுழல்முறைக் கடன்களைப் பற்றி எழுதினார். அதன் பிறகு பொருளியலாளரும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தம்பி இலாபத்தைக் கணக்குப் பார்க்கட்டும், அதைத் தாங்கிநிற்கும் நம்பிக்கையையும் பார்க்கட்டும்.

அக்கரைப்பற்று விவசாயி: எங்களுக்குத் தேவை தண்ணீர். சமூகவியல் தண்ணீர் கொண்டுவருமா?

கொண்டுவந்திருக்கிறது ஐயா, உங்கள் மாவட்டத்திலேயே. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் வாய்க்கால்களைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. மேலே உள்ளவர் தேவைக்கு மேல் திறப்பதும் கடைசி வயல்கள் காய்வதும் அங்கே பழைய கதை. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டதாரி இளைஞரை விவசாயிகளோடு தங்கவைத்தன. அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள், ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களைச் சிறு குழுவாகக் கூட்டினார்கள். கட்டட வேலை முடியக் காத்திராமலே விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். மேல்பகுதிச் சிங்கள விவசாயிகள் கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டதும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இதை விரிவாக எழுதிய நோர்மன் அப்ஹொப் ஓர் அரசறிவியலாளர். பொறியியலும் பொருளியலும் சமூகவியலும் ஒரே வரம்பில் நின்ற இடம் அது.

ஒலுவில் மாணவி: அரசறிவியலும் அதிகாரத்தைத்தான் படிக்கிறது. வேறுபாடு எங்கே?

பழைய அரசறிவியல் அரசு, அரசியல் யாப்பு, கட்சி, தேர்தல் என்று நிற்கும். மாக்ஸ் வெபர் வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார்: சொன்னதை ஒருவர் ஏன் கேட்கிறார்? வயல்வெளியின் தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டவிதானையின் சொல்லுக்கு விவசாயிகள் கட்டுப்படுவது கூட்டத்தில் தெரிவான பதவியால். பெரிய நிலவுடைமையாளரான போடியாருக்குக் கட்டுப்பட்டது பரம்பரை வழக்கத்தால். வெபர் சொன்ன மூன்றாவது வகை, ஒருவரின் தனிக் கவர்ச்சிக்குக் கட்டுப்படுவது. ஒரே வயல்வெளியில் இந்த மூன்றையும் காணலாம். இன்று அரசறிவியலாளரும் இதையெல்லாம் கேட்கிறார்கள், ஆகவே எல்லை மங்கிவிட்டது. அதில் எனக்குச் சந்தோசம்தான்.

மட்டக்களப்பு நகர், உளவளத்துணையாளர்: தற்கொலை மனம் சார்ந்தது. சமூகவியல் அதில் ஏன் தலையிடுகிறது?

உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உளவியல்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. டேர்கைம் 1897இல் பார்த்தது தனியாளை அல்ல, தற்கொலை விகிதத்தை. கத்தோலிக்கரைவிடப் புரட்டஸ்தாந்தரிடையே, மணமானவரைவிட மணமாகாதவரிடையே கூடுதல் என்பதும், அது ஆண்டுக்காண்டு பெரிதாக மாறவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரின் மனமும் வேறாயிருக்க விகிதம் ஏன் அசையாமல் நிற்கிறது? குழுவின் பிணைப்பில் காரணம் தேடினார். ஒரு கிராமத்திலிருந்து அடுத்தடுத்து ஆட்கள் உங்களிடம் வந்தால், அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிவரும். அப்போது இரண்டு துறையும் வேண்டும்.

படுவான்கரையிலிருந்து ஒரு மாணவர்: வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. எந்தத் துறையில் அடங்கும்?

துறையைப் பிறகு பார்க்கலாம் தம்பி. முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள். அனுப்பிய காசில் கட்டிய வீடு யாருக்கு: தனக்கா, தங்கைக்கா, மகளுக்கா? அம்மா இல்லாத காலத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்தது யார்? அனுப்பிய காசின் கணக்கு யார் கையில் இருந்தது? ஒரு கிராமம் போதும். புள்ளிவிவரம் ஓரளவு கற்றுக்கொள்ளுங்கள், கதை கேட்கவும் பழகுங்கள், ஒன்று மட்டும் தெரிந்தால் போதாது. போய்வந்த பெண்களிடம் பேசும்போது கணவரோ மாமியோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறும், நேரம் பார்த்துப் போங்கள். கேள்விக்கொத்து தயாரானதும் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.