முந்திரிக்கொத்தும் பதினைந்து நிமிடமும்

அன்புள்ள டீச்சர்,

உங்களிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவள் நான். இப்போது மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறேன். கணவருக்கு சவுதியில் வேலை. மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. போகிறான். எதற்கும் பொறுக்கமாட்டான். கேட்டது உடனே கைக்கு வரவில்லை என்றால் தரையில் விழுந்து புரளுவான், கையில் கிடைத்ததை எறிவான்.

குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லும் அமெரிக்கச் சோதனையைப் பற்றி ஒரு வீடியோவில் பார்த்தேன். காத்திருந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் நன்றாக வந்தார்களாம். நானும் செய்து பார்த்தேன். தட்டில் ஒரு முந்திரிக்கொத்தை வைத்து, 'அம்மா மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இப்போ வந்துருவேன், அதுவரைக்கும் தொடாமல் இருந்தால் இரண்டு' என்றேன். பக்கத்து வீட்டு அக்கா பேச்சுக் கொடுத்ததில் அரைமணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் தட்டில் இருந்ததும் இல்லை, டப்பாவில் இருந்ததில் பாதியும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

'அப்பா சைக்கிள் கொண்டுவருவார்' என்று ஒரு வருடமாகச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறேன். இப்போது அதற்கும் மசியமாட்டேன் என்கிறான். நாலு அடி கொடுத்தால் சரியாகும் என்கிறார் மாமியார். நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, விட்டுப்பிடிக்க வேண்டுமா? போன் எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? பொறுமையை எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

எஸ்.

மக்களே,

உன் கடிதம் வந்தபோது நான் ஒரு சின்னப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளம் தாய், மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. 'ஊசி போடமாட்டாங்க பிள்ளே, டாக்டர் மாமா சும்மா பாப்பாரு' என்று உள்ளே போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. வெளியே வரும்போது பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. ஆனால் தாயின் தோளில் சாயவில்லை. கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் உன் கடிதம். நீ கேள்வியாகக் கேட்டதெல்லாம் என் மனதில் தைக்கவில்லை. போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, 'அப்பா சைக்கிள் கொண்டுவருவார் என்று ஒரு வருடமாகச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறேன்' என்று, அங்கேதான் நின்றுவிட்டேன். அதற்கு வருகிறேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். போனைப் பற்றி எனக்கு இப்போது பேச மனமில்லை. சாப்பிடும்போதும் தூங்கப்போகும்போதும் கொடுக்காதே, அது போதும். கண்டிப்பா, செல்லமா என்கிற கேள்வியை டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களிலேயே அமெரிக்காவின் பெர்க்லியில் ஆராய்ந்து, அந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு வழி இருப்பதைக் காட்டினார். வரம்பு போடுகிற, ஆனால் ஏன் என்று சொல்லவும் பிள்ளை சொல்வதைக் கேட்கவும் தயாராக இருக்கிற பெற்றோர். நீ அப்படித்தான் இருக்கப் பார்க்கிறாய் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

அடிக்காதே. இதில் பேச்சே கிடையாது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் எழுதினார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளின் விவரம் அதில் இருக்கிறது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் மூர்க்கமும் மனச்சிக்கல்களும்தான் கூடுதலாகத் தெரிந்தன, அடியால் நன்மை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. 'நம்ம ஊர்ல எல்லாரும் அடி வாங்கித்தான வளர்ந்தோம்' என்று மாமியார் சொல்லக்கூடும். அதையும் பார்த்திருக்கிறார்கள். ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் கூட இருந்தவர்களும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வு 2005இல் வந்தது. அடிப்பது சகஜமாக இருக்கிற ஊரில் அதன் கெடுதல் கொஞ்சம் குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. உன் மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்த மருந்தை அவர் சொல்கிறார். நானும் ஒரு காலத்தில் வகுப்பில் கம்பு வைத்திருந்தவள். 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து பள்ளியில் அடி கூடாது என்று சொல்வதற்குப் பல வருடம் முன்பே அதைக் கீழே வைத்துவிட்டேன் என்றாலும், அதற்கு முன்னால் நீட்டிய கைகள் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கின்றன.

சரி, அந்தச் சோதனை. உன்மேல் எனக்குக் கோபம்தான். நாலரை வயதுப் பிள்ளையைத் தட்டின் முன்னால் உட்காரவைத்து அவன் எதிர்காலத்துக்குப் பரீட்சை வைத்திருக்கிறாய். அவன் பசியோடு இருந்தானா, நீ எப்போது வருவாய் என்று அவனுக்குத் தெரியுமா, ஒன்றையும் எழுதவில்லை. 'இப்போ வந்துருவேன்' என்று போனவள் அரைமணி நேரம் கழித்து வந்திருக்கிறாய். நீ வீடியோவில் பார்த்த சோதனையைச் செய்த உளவியலாளர் வால்டர் மிஷெல் வைத்த கெடுவே பதினைந்து நிமிடம்தான். அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் ஒரு மணியும் இருந்தது. பொறுக்க முடியாவிட்டால் அடித்துப் பெரியவரைக் கூப்பிடலாம். உன் மகனுக்கு மணியும் இல்லை, கெடுவும் தெரியாது.

மிஷெல் 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்துக்குள் இருந்த பிங் பாலர் பள்ளியில் இதைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் படித்த இடம். அவர் தேடியது எந்தப் பிள்ளை உருப்படும் என்பதை அல்ல. காத்திருக்கும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். சிலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பாட்டுப் பாடினார்கள். தின்பண்டத்தை மறைத்து வைத்தாலே பலமடங்கு நேரம் காத்திருந்தார்கள். பின்னாளில் அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தேடிப்பிடித்து, அவர்களின் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டதில் இருந்துதான் இந்தக் கதை இவ்வளவு பெரிதானது. 2018இல் டைலர் வாட்ஸ் முதலானோர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, காத்திருந்ததற்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. வீட்டு வசதி, தாயின் படிப்பு போன்றவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. உன் தூக்கத்தைக் கெடுத்த வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது வேறொரு சோதனையை. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் செலஸ்ட் கிட் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்தது, 2013இல் வெளிவந்தது. மொத்தமே 28 பிள்ளைகள். மிட்டாயை வைக்கும் முன்னால் படம் வரையச் சொன்னார்கள். மேசையில் தேய்ந்த கிரேயான்கள். 'கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்' என்று சொல்லிப் பெரியவர் வெளியே போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து 'மன்னித்துக்கொள், இல்லையாம்' என்றார். அடுத்து ஒட்டும் படங்களை வைத்து இன்னொரு தடவை அதே மாதிரி. அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், பதினான்கு பேரில் ஒன்பது பேர் கடைசிவரை. ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம். கடைசிவரை இருந்தது ஒரே ஒரு பிள்ளை. இரண்டே இரண்டு ஏமாற்றம், மக்களே. அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம்.

உன் மகன் ஒரு வருடமாக ஒவ்வொரு உருண்டைச் சோற்றுக்கும் 'சைக்கிள் வரும்' என்று நீ சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மிஷெல் ஸ்டான்ஃபோர்டுக்கு வருவதற்கு முன்பே, 1958இல், டிரினிடாட் தீவில் செய்த ஆய்வு ஒன்றை எழுதியிருக்கிறார். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம் நாட்டுக்காரர்களின் வழிவந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சின்ன மிட்டாய் இப்போதே வேண்டுமா, பெரியது அடுத்த வாரம் வேண்டுமா என்று கேட்டதில், அப்பா வீட்டில் இல்லாத பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சின்னதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் படித்ததும் நீ உடனே இன்னொரு ராத்திரி தூங்காமல் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. உன் கணவர் தூரத்தில் இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றால் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறாரா, அதைத்தான் கேட்கிறேன்.

என் அப்பாவும் வீட்டில் இருந்தவர் இல்லை. நாங்கள் இரணியல் பக்கம். அவருக்குக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. சனிக்கிழமை இரவு வருவார். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலி பொருட்காட்சி நடக்கும் இல்லையா, அதற்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஐந்து வயது. சொன்ன நாளில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு காலையிலிருந்து நடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தியில் நனைந்துகொண்டே வந்தார். 'நாளைக்குப் போவோம்' என்றார். மறுநாள் 'அடுத்த ஞாயிறாச்ச' என்றார். பொருட்காட்சி முடிந்துவிட்டது. அடுத்த வருடமும் அப்படியே.

இப்போது எனக்குத் தெரியும். ஆடியில் மழை விழுந்துகொண்டிருக்கும், மழை விழுந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. ஐந்து வயது மகளிடம் கையில் காசில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. 'நாளைக்கு' என்பது அவருக்கு எளிதாக வந்தது. மூன்றாம் வருடம் நான் ரிப்பன் கட்டவில்லை. அதே வருடம் அத்தை எனக்கு மண் உண்டியல் ஒன்று தந்து, சேர்த்து வைத்தால் தைக்குப் பாவாடைத் துணி எடுக்கலாம் என்றாள். விழுந்த முதல் காசையே ஈர்க்கிலால் குத்தி எடுத்து மிட்டாய் வாங்கித் தின்றேன். பேராசைக்காரி என்று வீட்டில் திட்டினார்கள். ஆசையெல்லாம் இல்லை. தை மாதம் என்று ஒன்று வரும் என்றே நான் நம்பவில்லை.

அந்த அத்தைதான் என்னைச் சரிசெய்தாள். அப்பாவின் மூத்த சகோதரி, எங்களோடுதான் இருந்தாள். திங்கள்சந்தையில் ஓலைப்பெட்டி விற்பாள். சந்தை நாளில் ஒரு முறுக்கு கொண்டுவருகிறேன் என்று சொன்னால், கொண்டுவருவாள். முதலில் நான் வாசல் பக்கமே போகமாட்டேன். நாலைந்து சந்தை கழிந்த பிறகு முற்றம் வரை வந்து நின்றேன். அப்படி நிற்கப் பழகிய ஒரு நாள், காலையில் பிடித்த மழை விடவில்லை. அத்தை பெட்டிகளை அப்படியே தலையில் சுமந்து திரும்பி வந்தாள். சுமையை இறக்கினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஈரச்சேலையோடு என் முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னாள்:

'மக்களே, இன்னைக்கு ஒண்ணும் விக்கல்ல. கையில ஒரு சக்கரம் காசுகூட இல்ல. முறுக்கு கொண்டுவாறேன்னு சொன்னேன், கொண்டுவரல்ல. வாற திங்களாச்சயும் மழைன்னா உறுதி சொல்லமாட்டேன்.'

நான் அழுதேன். அத்தை சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, வேறு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை நான் முற்றத்தையும் தாண்டி ரோட்டில் போய் நின்றேன்.

இவ்வளவும் பட்டு வளர்ந்த நானே என் மகளிடம் அதைத்தான் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பாட்டி காக்கா காட்டிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக நழுவிப் பஸ் ஏறிவிடுவேன். அழவைக்காமல் போகிறேன் என்று நினைப்பு. ஒரு மாதத்தில் மகள் என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்துக்கொள்வாள். எந்த நிமிடத்தில் காணாமல் போவேன் என்று அவளுக்குத் தெரியாதே. அத்தைக்கு அப்போது நல்ல வயதாகிவிட்டது, ஒரு நாள் வந்தவள் இதைப் பார்த்துவிட்டு என்னைக் கிழித்துவிட்டாள். 'சொல்லிட்டுப் போ பிள்ளே. அழட்டு. அழுதா என்ன?' மறுநாள் முன்வாசலில் நின்று, சாயங்காலம் நாலரை பஸ்ஸில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பத்துப் பன்னிரண்டு நாள் தெருவே கேட்கும்படி அழுதாள். அப்புறம் கைகாட்டினாள்.

பொறுமையை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டாயே. இன்று இரவு கணவரைக் கூப்பிடு. சைக்கிள் இந்தத் தடவை வருமா, வராதா என்று அவரிடம் நேராகக் கேள். வராது என்றால், அதை அவரே அவனிடம் சொல்லட்டும், நீ பக்கத்தில் இரு. லீவு கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லட்டும். புரளுவான். எதையாவது எறிவான். 'அடுத்த மாசம் நிச்சயம்' என்று மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறந்துவிடாதீர்கள். சோற்றைச் சோறாகவே ஊட்டு.

முந்திரிக்கொத்து டப்பாவை ஒளித்து வைக்காதே. அவனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து தின்னுங்கள். நாளைக்குத் துணி காயப்போடப் போகும்போது அவனையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. கிளிப் எடுத்துக் கொடுப்பான். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால், எவ்வளவு நேரம் பேசப்போகிறாய் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பேசு.