நூறு கோப்புகளில் ஒரே திருத்தம்: கேள்வி பதில்

கீழக்கரை: 400 கோப்புகளில் கடையின் பழைய தொலைபேசி எண் இருக்கிறது. லினக்ஸில் மொத்தமாக மாற்ற வழி உண்டா?

செட் போதும்; கோப்பில் ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக மாற்றும் கட்டளை அது. முதலில் சொல்லைத் தேடித் தரும் கிரெப் கட்டளையை ஓட்டி, அந்த எண் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு செட்டிடம் கொடுங்கள். கோப்பிலேயே மாற்றச் சொல்லும் ஹைஃபன் ஐ-யை ஒட்டி, இடைவெளி விடாமல் .பேக் என்று எழுதினால் ஒவ்வொரு கோப்புக்கும் பழைய நகல் பக்கத்திலேயே இருக்கும். மேக்கிலும் இப்படி எழுதினால் வேலை செய்யும். நகல் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

தொண்டி: "தொண்டி" என்று தேடினால் பாதிக் கோப்புகள் சிக்கவில்லை. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'தொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, செட்டுக்கு அவை வேறு வேறு சொற்கள். தனுஷ்கோடிக்கும் இதே கதிதான். பைத்தான் நிரல்மொழியின் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கொண்டு எல்லாவற்றையும், ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். அதற்கும் முன்னால் நகல்.

மண்டபம்: எங்கள் ஊர்ப்பெயர் "மண்டபம்" என்பதை "மண்டபம் முகாம்" ஆக்கினேன். "மண்டபத்தில்" மாறவில்லை.

வேற்றுமை ஏறினால் 'ம்' போய் 'த்து' வரும். அதற்குத் தனிக் கட்டளை வேண்டும். கல்யாண மண்டபங்களும் முகாம் ஆகியிருக்கும், உடனே பாருங்கள்.

தங்கச்சிமடம்: வேர்டு கோப்பில் செட் ஓடுமா?

ஓடாது. வேர்டு கோப்பின் வடிவமான டாக்எக்ஸ் என்பது ஜிப்பாகச் சுருக்கிய பொதி.

ராமேஸ்வரம்: எங்கள் ஊர்ப்பெயருக்கு முன்னால் செட்டால் 'இ' சேர்த்தேன். சில இடங்களில் "இஇராமேஸ்வரம்" வந்துவிட்டது.

ஏற்கெனவே 'இ' இருந்த இடங்கள் அவை. "இஇரா"வை "இரா" ஆக்குங்கள். ஆனால் அந்த 'இ' தேவையே இல்லை என்பது என் கருத்து.

தேவிபட்டினம்: ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. தேவையில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

விதியை மதிக்கிறேன் ஐயா. ஆனால் ஊர்க்காரர் பேசும்போது 'ரா' என்றுதானே தொடங்குகிறார்? தேடும்போதும் அப்படித்தான் தட்டுவார்.

மீண்டும் தேவிபட்டினம்: பேச்சு வேறு, எழுத்து வேறு. மாவட்டத்தின் பெயரையே 'இ' போட்டு எழுதுகிறோமே?

சரி, 'இ'யோடே எழுதுங்கள். ஆனால் ஒரு தொகுப்பு முழுவதும் ஒரே வடிவம் இருக்கட்டும். பழைய பத்திரங்களின் படியில் மட்டும் கை வைக்காதீர்கள். 1985க்கு முந்தைய தாளில் சிவகங்கையும் விருதுநகரும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கும். அது பிழையன்று, அன்றைய உண்மை.

பாம்பன்: நகல் எடுக்காமல் செட் ஓட்டிவிட்டேன். மீட்க முடியுமா?

கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் சேமித்திருந்தால் முடியும். இல்லையென்றால் செட் திருப்பித் தராது. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.